முப்பது காசுக் கூலியும் முடிவில்லா வானமும்



விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது வானத்தை நிமிர்ந்து பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. மழை வருமா வராதா, இன்றைக்குப் பால் வெட்டு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளவாவது பார்ப்போம். மேகமில்லாத நாளில் மரங்களுக்கு மேலே நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். பார்ப்போம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டுவோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையை அழைத்துப் போக வந்த ஓர் அம்மா வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். "அழகாத்தான் இருக்கு சார். ஆனா இது இத்தனை தூரத்துல இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க? கயிறு கட்டியா அளந்தாங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானநூல் அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே, "அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்ச துரைமாருங்க வேலை. நமக்கெங்க புரியப் போவுது!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்குச் சொல்ல விட்டுப்போன பதிலைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். துரைமார்கள் மட்டும் செய்த வேலையல்ல அது. காது கேளாத ஒரு பெண் மணிக்கு முப்பது காசுக் கூலிக்குச் செய்த வேலை. கழுதை ஓட்டிய ஒருவர் பனி இரவுகளில் உட்கார்ந்து செய்த வேலை. அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்று விண்வெளியில் பறக்கும் தொலைநோக்கிகளின் கணக்கெல்லாம் நிற்கிறது.

கயிறு எட்டாத தூரம்

பக்கத்து நட்சத்திரங்களை அளக்க ஒரு வழி உண்டு. பிள்ளைகளே, கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரிகிறதல்லவா? விரலை முகத்துக்கு அருகில் கொண்டு வந்தால் அதிகமாக நகரும். தள்ளிப் பிடித்தால் குறைவாக நகரும். அந்த நகர்வை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

நம் பூமி சூரியனைச் சுற்றி வருகிறது. ஜனவரியில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்தால், நம் இரண்டு கண்களும் 30 கோடி கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பது போலாகும். இந்த முறையில் 1838ஆம் ஆண்டில் பெசல் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்து காட்டினார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 11 ஒளியாண்டு தூரம். ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படி ஓராண்டு முழுவதும் ஓடினால் எவ்வளவு தூரம் போகுமோ அது ஓர் ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால் 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி!

இந்த வழி வெகு தூரம் செல்லவில்லை. நட்சத்திரம் தள்ளிப் போகப் போக அதன் நகர்வு மிகவும் சிறிதாகி, அக்காலக் கருவிகளின் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. வானத்திலோ புகை போலவும் சுருள் போலவும் மங்கலான திட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் பெரியது ஆந்திரமேடா. நவம்பர் மாதத்து முன்னிரவில், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று வடக்குப் பக்கம் பார்த்தால் நம் நாட்டிலிருந்தும் வெறுங்கண்ணுக்கு அது ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். இவை நம் பால்வீதிக்கு உள்ளேயே இருக்கும் புகைமூட்டங்களா, அல்லது பால்வீதிக்கு வெளியே தனித்தனியாக நிற்கும் விண்மீன் திரள்களா? தூரம் தெரிந்தால்தான் விடை தெரியும். தூரத்தை அளக்கவோ கோல் இல்லை.

கண்ணாடித் தட்டும் கணக்குப் பெண்களும்

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டு கல்லூரி வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அக்காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்தார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரெக்கிப்பா நகரில் அவர்களுக்கு ஒரு கிளை நிலையம் இருந்தது. அங்கே எடுத்த தட்டுகளும் கப்பலேறி ஹார்வர்டுக்கு வந்து குவிந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரம். இவற்றையெல்லாம் எண்ணி, அளந்து, ஏட்டில் பதிய ஆள் வேண்டுமே!

நிலையத் தலைவர் எட்வர்டு பிக்கரிங் இந்த வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். பெண்கள் பொறுமையாகச் செய்வார்கள். கூலியும் குறைவாகக் கொடுத்தால் போதும். கணக்குப் போடுவதே அவர்கள் வேலை. தொலைநோக்கியைக் கையாளும் உரிமை அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், கணவர் கைவிட்ட நிலையில் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். அந்த அம்மையார்தான் பின்னாளில் அத்தனை பெண்களுக்கும் மேற்பார்வையாளராக உயர்ந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட மாறும் நட்சத்திரங்களைத் தாமே கண்டுபிடித்தார்.

இன்னொருவர் ஹென்ரியட்டா ஸ்வான் லீவிட். 1868ஆம் ஆண்டு பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடித்தவர்தான். ஆனால் நோயால் செவிப்புலன் குறைந்துகொண்டே போயிற்று. அவருக்குக் கூலி மணிக்கு 30 காசு. இன்ன வேலையைச் செய் என்று தலைவர் சொல்வார். அதைச் செய்ய வேண்டும். அவருக்குக் கிடைத்த வேலை, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைத் தேடிப் பிடிப்பது.

அது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வானத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பூதக்கண்ணாடியால் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது? நாள் முழுவதும் இதே வேலை; ஆண்டுக் கணக்கில் இதே வேலை. ஒவ்வொரு மரமாகச் சென்று பட்டை கெடாமல் கத்தி போடும் நம் தாய்மார்களுக்கு இந்தப் பொறுமை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

தென் வானத்தில் மகெல்லன் மேகங்கள் என்று இரண்டு ஒளித்திட்டுகள் உண்டு. லீவிட் அம்மையார் அவற்றை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் 1,777 மாறும் நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். வெறும் பட்டியலோடு அவர் நிற்கவில்லை. அவற்றுள் சிலவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தார். பிரகாசம் அதிகமுள்ள நட்சத்திரம் மெதுவாகக் கூடிக் குறைகிறது; பிரகாசம் குறைந்தது வேகமாகக் கூடிக் குறைகிறது. 1912ஆம் ஆண்டில் சிறிய மகெல்லன் மேகத்திலுள்ள 25 நட்சத்திரங்களைக் கொண்டு இதை ஐயமறக் காட்டினார். அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர் பிக்கரிங். தயாரித்தவர் லீவிட் என்பதை மட்டும் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். இவ்வகை நட்சத்திரங்களுக்குச் செபீட் என்று பெயர்.

நெற்றி விளக்குக் கணக்கு

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். நம் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

இருட்டில் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து நிரையில் வெட்டுபவரின் விளக்கு பளிச்சென்று தெரிகிறது. நாலு நிரை தள்ளி இருப்பவரின் விளக்கு மங்கலாகத் தெரிகிறது. எல்லாம் ஒரே மாதிரி விளக்கு என்று நமக்குத் தெரியும். ஆகவே மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுகிறோம். இதற்குத் திட்டமான கணக்கே உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும்.

வானத்தில்தான் சங்கடம். அங்கே சிலது அகல் விளக்கு, சிலது பெட்ரோமாக்ஸ். மங்கலாகத் தெரிவது பக்கத்திலுள்ள அகலா, தூரத்திலுள்ள பெட்ரோமாக்ஸா என்று எப்படித் தெரியும்? லீவிட் அம்மையார் பார்த்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே மேகத்தில் இருந்தவை. எதிர்க் குன்றிலுள்ள லயத்து விளக்குகள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தானே? அங்கே பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே பிரகாசமான விளக்குத்தான். ஆகவே அவர் கண்டது உண்மையான ஒழுங்கு. இனிமேல் ஒரு செபீட் எத்தனை நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது என்று பார்த்தால் போதும். அது எந்த அளவு விளக்கு என்று தெரிந்துவிடும். விளக்கின் அளவு தெரிந்தால், மங்கலைக் கொண்டு தூரம் தெரிந்துவிடும். இதுதான் அந்த அம்மா கேட்ட கயிறு!

பக்கத்திலுள்ள சில செபீட்களின் தூரத்தை வேறு வழியில் கணக்கிட்டு இந்தக் கோலுக்கு அளவுக் கோடு போடும் முதல் முயற்சியை 1913இல் டென்மார்க் நாட்டு ஹெர்ட்ஸ்ஸ்புருங் செய்தார். கோல் தயாராயிற்று.

கழுதை ஓட்டியவரும் ஹப்பிளும்

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26இல் வாஷிங்டன் நகரில் இரண்டு வானநூல் அறிஞர்கள் வாதிட்டார்கள். பால்வீதியே எல்லாம், சுருள் திட்டுகள் அதைச் சேர்ந்தவையே என்றார் ஹார்லோ ஷேப்லி. இல்லை, அவை தனித்தனித் திரள்கள் என்றார் ஹீபர் கர்டிஸ். தீர்ப்பு அன்று கிடைக்கவில்லை.

தீர்ப்பைத் தந்தது ஒரு கண்ணாடித் தட்டு. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைமேல் 100 அங்குலக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி இருந்தது. அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான். 1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் எட்வின் ஹப்பிள் அதைக் கொண்டு ஆந்திரமேடாவைப் படம் பிடித்தார். ஒரு புள்ளியைப் பார்த்து, திடீரென வெடித்து ஒளிர்ந்த நட்சத்திரம் என்று முதலில் குறித்துவைத்தார். பழைய தட்டுகளோடு ஒப்பிட்டபோது அது கூடிக் குறையும் நட்சத்திரம் என்று தெரிந்தது. பழைய குறிப்பை அடித்துவிட்டு 'மாறுவது!' என்று வியப்புக் குறியுடன் எழுதினார். அது ஒரு செபீட். 31 நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைந்தது. லீவிட் அம்மையாரின் கோலை வைத்து அளந்தார். ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பால்வீதிக்குள் அடங்காத தூரம்! அது வேறொரு திரள் என்பது 1925ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அறிஞர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரே நாளில் பிரபஞ்சம் பெரிதாகிவிட்டது.

அந்த நாளைக் காண லீவிட் அம்மையார் உயிரோடு இல்லை. 1921ஆம் ஆண்டு டிசம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். இது தெரியாமல் 1925இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மித்தாக் லெஃப்லர் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிய விரும்பி விவரம் கேட்ட கடிதம் அது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

ஹப்பிளோடு வேலை செய்தவர் மில்டன் ஹூமாசன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிச் செல்வதுதான் அவருக்கு வேலை. பிறகு அங்கேயே துப்புரவுப் பணி. பிறகு இரவு உதவியாளர். கை நிதானமும் கண் கூர்மையும் கண்டு அவரையும் ஆய்வாளராகவே சேர்த்துக்கொண்டார்கள். மிக மங்கலான திரள்களின் ஒளியைப் பல இரவுகள் தொடர்ந்து சேகரித்து, அவை எவ்வளவு வேகத்தில் நம்மை விட்டு விலகுகின்றன என்று அளந்தவர் அவர். தூரப் போகும் லாரியின் ஹார்ன் சத்தம் தாழ்ந்து கேட்பது போல, விலகிப் போகும் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் சாயும். அதை வைத்து வேகம் கண்டுபிடிப்பார்கள். இந்த வகை அளவீட்டை ஸ்லைஃபர் என்பவர் முன்பே தொடங்கிவைத்திருந்தார். தூரம் அதிகமாக ஆக வேகமும் அதிகமாகிறது என்று 1929இல் ஹப்பிள் வெளியிட்டார். பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் லெமைத்ர் 1927இலேயே கணக்குப் போட்டுச் சொன்னதற்கு இது ஒத்திருந்தது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது!

தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகமா?

விரியும் வேகம் தெரிந்தால், பின்னோக்கிக் கணக்குப் போட்டு, விரியத் தொடங்கி எத்தனை காலம் ஆயிற்று என்றும் சொல்லலாம். ஹப்பிளின் கணக்குப்படி வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வந்தது. பாறைகளை ஆராய்ந்தவர்களோ, நம் பூமிக்கே அதைவிட வயது அதிகம் என்றார்கள். தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகமாம்! எங்கேயோ கணக்கு இடித்தது.

பிழையைக் கண்டவர் வால்ட்டர் பாடே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற அறிஞர்கள் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் இவரை எடுக்கவில்லை. இவர் மலையிலேயே இருந்தார். போர் அச்சத்தால் கீழே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து விளக்குகளைக் குறைத்தார்கள். வானம் கன்னங்கரேலென்று இருண்டது. அந்த இருட்டில் அவர் ஆந்திரமேடாவின் நட்சத்திரங்களைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரங்களில் இரண்டு வகை உண்டு, செபீட்களிலும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டு அளந்துவிட்டோம் என்று 1952ஆம் ஆண்டில் அறிவித்தார். தூரமெல்லாம் ஒரே அடியாக இரண்டு மடங்காயிற்று. ஆந்திரமேடாவின் தூரம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு.

பிழை கண்டதும் ஒளித்துவைக்காமல் சபையில் சொன்னார்களே, அதைக் கவனியுங்கள். அறிவு வளர்வது இப்படித்தான். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1980களில் சிலர் பிரபஞ்சத்தின் வயது 1,000 கோடி ஆண்டு என்றார்கள். சிலர் 2,000 கோடி என்றார்கள். ஒன்றுக்கு இரண்டு மடங்கு வேறுபாடு! தூரத்துச் செபீட்களைத் தெளிவாகப் பார்க்க முடியாததுதான் காரணம். பூமியின் காற்று அலைவதால் நட்சத்திரம் மின்னுகிறது. கவிஞருக்கு அது அழகு, அளப்பவருக்கோ தொல்லை. ஓடும் ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசை எண்ணுவது போன்ற கதை. காற்றுக்கு மேலே போனால்தான் தீரும்.

ஆகாயத்தில் ஒரு கண்ணாடி

காற்றுக்கு மேலே தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று லைமன் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க அறிஞர் 1946ஆம் ஆண்டிலேயே எழுதினார். அப்போது மனிதன் ஒரு செயற்கைக் கோளைக்கூட அனுப்பியதில்லை. பின்னர் நான்சி ரோமன் என்ற அம்மையார் நாசா நிறுவனத்தில் இருந்து இதற்காகப் பாடுபட்டார். 1977இல் அமெரிக்கக் காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்துகொண்டது. ஹப்பிளின் பெயரையே தொலைநோக்கிக்குச் சூட்டினார்கள். 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் மாண்ட துயரத்தால் பயணம் தள்ளிப்போயிற்று. கடைசியில் 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 24இல் டிஸ்கவரி விண்ணோடம் ஹப்பிள் தொலைநோக்கியைச் சுமந்து சென்றது.

உலகமே ஆவலோடு காத்திருந்தது. வந்த படமோ மங்கல்! 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் கண்ணாடி ஓரத்தில் சற்று அதிகமாகத் தேய்ந்திருந்தது. எவ்வளவு தெரியுமா? தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. தேய்க்கும்போது சரிபார்த்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. கருவி பிழை; அதனால் கண்ணாடியும் பிழை. வேறு சோதனைகளில் எச்சரிக்கை தெரிந்தும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. மக்கள் பணம் ஆகாயத்தில் வீணாய்ப் போயிற்றே என்று பேசினார்கள்.

ஆனால் ஒரு நல்ல காலம். கண்ணாடி கரடுமுரடாகத் தேயவில்லை. ஒரே சீராகத் தவறாகத் தேய்ந்திருந்தது. சீரான தவறை, எதிர்த் தவறு கொண்டு நேராக்கலாம். கண் பார்வை குறைந்தால் மூக்குக்கண்ணாடி போடுவதில்லையா, அதே போலத்தான். திருத்தக் கண்ணாடிகளை உள்ளே எப்படி நீட்டுவது என்று திகைத்தபோது, ஜேம்ஸ் குரோக்கர் என்ற பொறியாளருக்கு ஜெர்மனியில் ஓர் ஓட்டல் குளியலறையில் வழி பிறந்தது. கம்பியில் மேலும் கீழும் நகர்ந்து மடங்கும் குளியல் பூவாளியைப் பார்த்து, அதே மாதிரி நீட்டி மடக்கலாமே என்று நினைத்தார்!

1993ஆம் ஆண்டு டிசம்பரில் எண்டவர் விண்ணோடத்தில் ஏழு வீரர்கள் சென்றார்கள். ஐந்து நாட்கள் மாறி மாறி விண்வெளியில் இறங்கி வேலை செய்தார்கள். திருத்தக் கண்ணாடி சேர்ந்த புதிய கேமராவைப் பொருத்தினார்கள். மற்றக் கருவிகளுக்கு வேறொரு திருத்தப் பெட்டியை வைத்தார்கள். 1994 ஜனவரியில் வெளியான படங்களைக் கண்டு கேலி பேசிய வாயெல்லாம் மூடிக்கொண்டது.

எட்டு நூறு விளக்குகள்

பார்வை தெளிந்த ஹப்பிளுக்குக் கொடுத்த தலையாய வேலை என்ன தெரியுமா? லீவிட் அம்மையாரின் செபீட்களைத் தேடுவதுதான்! வெண்டி ஃப்ரீட்மன் என்ற பெண் அறிஞரும் ராபர்ட் கென்னிகட், ஜெரமி மோல்ட் ஆகியோரும் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்கள். 18 திரள்களில் ஏறத்தாழ 800 செபீட்களைக் கண்டார்கள். ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலும் கோல் எட்டியது. 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் விரியும் வேகம் விநாடிக்கு 72 கிலோமீட்டர் கூடுகிறது. 1929இல் ஹப்பிள் சொன்ன எண் 500! இரண்டு மடங்கு வேறுபாடாக இருந்த சண்டை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இன்னும் தொலைவுக்குச் செபீட் போதாது. அதைவிடப் பெரிய விளக்கு வேண்டும். அங்கேதான் நம் தமிழர் ஒருவரின் கணக்கு வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரம் சூரியனைப் போல் 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்காது என்று கப்பலிலேயே தொடங்கிய கணக்கில் அவர் கண்டார். 1935இல் லண்டன் சபையில் எடிங்டன் என்ற பெரிய அறிஞர் அதை எள்ளி நகையாடினார். 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நாசா 1999இல் அனுப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த எல்லையை ஒட்டி எடை ஏறும் நட்சத்திரம் வெடிக்கும்போது, ஏறத்தாழ ஒரே அளவான பேரொளி வீசுகிறது. அது ஒரு மாபெரும் விளக்கு. செபீட்டை வைத்து அந்த வெடிப்பை அளந்துகொண்டு, வெடிப்பை வைத்து அதற்கும் அப்பால் அளந்தார்கள். ஏணியில் படிக்கு மேல் படி. அப்படி அளந்த இரண்டு குழுக்கள் 1998இல் விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார்கள். 2011இல் சால் பெர்ல்முட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இடையில் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு வேடிக்கை நடந்தது. தொலைநோக்கி நிலையத்தின் தலைவர் ராபர்ட் வில்லியம்ஸ், எதுவும் இல்லாதது போலத் தெரிந்த ஓர் இருட்டு மூலையைப் பத்து நாள் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். பந்துத் திடலின் ஒரு கோல் கம்பத்தில் நின்று எதிர்க் கோல் கம்பத்தில் வைத்த டென்னிஸ் பந்தைப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு சிறிய இடம். வீண் வேலை என்றவர்களும் உண்டு. அந்தத் துளி இடத்தில் ஏறத்தாழ 3,000 திரள்கள் தெரிந்தன!

இன்னும் தீராத கணக்கு

2021ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புறப்பட்டது. அதன் கண்ணாடி 6.5 மீட்டர், பொன் பூசிய 18 துண்டுகள் சேர்ந்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதற்கும் ஒரு வழக்குக் காத்திருந்தது. செபீட்டையும் வெடிப்பையும் வைத்து ஹப்பிளால் அளந்தால் விரியும் வேகம் 73 என்று வருகிறது. பிரபஞ்சத்தின் பிள்ளைப் பருவத்து ஒளியைப் பிளாங்க் என்ற விண்கலத்தால் ஆராய்ந்து கணக்கிட்டால் 67 என்று வருகிறது. வயது 1,380 கோடி ஆண்டு என்பதும் அந்தக் கணக்கே. எது சரி? ஹப்பிள் நெருக்கமான நட்சத்திரங்களைக் கலந்து பார்த்துவிட்டதோ என்று ஐயம் எழுந்தது. 2023இல் ரீஸ் குழுவினர் வெப்பைக் கொண்டு 320க்கும் மேற்பட்ட செபீட்களை மீண்டும் அளந்தார்கள். ஹப்பிளின் அளவு சரிதான் என்று வந்தது. 2024இல் ஃப்ரீட்மன் குழுவினர் வேறு வகை நட்சத்திரங்களையும் சேர்த்து அளந்து 70 அளவில் சொன்னார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்புச் சொல்லப் போகிறவர் இன்று எந்த ஊர்ப் பள்ளியில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ!

இந்தத் தொலைநோக்கிகள் சேர்த்த விவரங்கள் பூட்டிவைத்த சொத்தல்ல. குறிப்பிட்ட காலம் கழிந்ததும் உலகத்தார் யாவருக்கும் திறந்துவிடப்படுகின்றன. 1923இல் கண்ட அதே ஆந்திரமேடா செபீட்டை ஹப்பிள் தொலைநோக்கி 2010ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் படம் பிடித்தது. எந்த நாளில் பார்ப்பது நல்லது என்று முன்கூட்டிச் சொல்லி உதவியவர்கள், சொந்தத் தொலைநோக்கி வைத்து ஆசைக்காக வானம் பார்க்கும் சாதாரண மக்கள்.

பெற்றோர்களே, பரிசளிப்பு விழாவில் மேடையேறும் பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்துவோம். மேடையேறாத பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. லீவிட் அம்மையார் ஒரு மேடையும் ஏறவில்லை. தொலைநோக்கிக்கு ஹப்பிளின் பெயர் இருக்கிறது. அந்தத் தொலைநோக்கி கையில் பிடித்திருக்கும் அளவுகோல் அந்த அம்மையாருடையது. இன்று வானநூலார் பலர் அதை லீவிட் விதி என்றே அழைக்கிறார்கள். கூலி முப்பது காசாக இருந்தாலும், ஒரு புள்ளியைக்கூட விட்டுவிடாமல் பார்த்தாரே, அந்த நேர்மைதான் இத்தனைக்கும் ஆணிவேர்.

வாசலில் நின்று கேட்ட அம்மாவே, கயிறு கட்டித்தான் அளந்தார்கள். கயிற்றைத் திரித்தவர் உங்களைப் போலக் கூலிக்கு வேலை செய்த ஒரு பெண்மணிதான். மேகமில்லாத ஒரு நவம்பர் மாத இரவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வாருங்கள். வடக்கே அந்த மங்கல் திட்டைக் காட்டுங்கள். உங்கள் கண்ணில் அப்போது விழும் ஒளி 25 லட்சம் ஆண்டுக்கு முன்னே புறப்பட்டது என்று சொல்லுங்கள். "எப்படிம்மா தெரியும்?" என்று பிள்ளை கேட்கும். சொல்வதற்கு இப்போது உங்களிடம் கதை இருக்கிறது.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!